ராமநாதபுரம் கரையிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: கடன் விண்ணப்பத்திலிருந்து முதல் குளிர்காலம் வரை

கீழக்கரையில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அது செய்தியே இல்லை. கொழும்பு, மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறைக் கணக்கில் போய்வந்த ஊர். தொண்டி, பெரியபட்டினம் பக்கமும் அப்படித்தான். எங்கள் தங்கச்சிமடத்திலும் சவூதிக்கோ கத்தாருக்கோ ஆள் அனுப்பாத தெரு குறைவு. ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு அங்கே ஓர் அறை இருக்கும். அறையில் ஊர்க்காரர் யாராவது இருப்பார். போய் இறங்கும் இரவு அவர் சோறு பொங்கி வைத்திருப்பார். படிக்கப் போகிறவருக்கு இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் பெரியவர்கள் சொல்லும் வெளிநாட்டு அனுபவம் நமக்குப் பாதிக்கு மேல் உதவுவதில்லை.

நான் படித்தது ஜெர்மனியின் வடகோடியில், பால்டிக் கடலோரத்தில் இருக்கும் கீல் நகரத்தில். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான்தான். விசாவுக்கும் விமானத்துக்கும் முதல் நாளுக்கும் ஒரு வருடம் பயந்தேன். மூன்றும் பழுதில்லாமல் முடிந்தன. நவம்பர் மூன்றாவது வாரத்தில், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில், காலி பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். முதல் நாளுக்கு எல்லோரும் தயாராகிறோம். நவம்பருக்கு யாரும் தயாராவதில்லை. அந்த மாதத்தை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை, அதனால் எந்த ஆண்டுக் கணக்கு என்பதைப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

படி 1: பணம், அதுவும் தடைக்காலத்துக்கு முன்பே

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் தனியாகக் கட்டணம் வைத்திருக்கிறது. "படிப்பு இலவசமாம்" என்ற பேச்சு வீட்டுக்குள் வந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது. விசா கேட்கும்போதே ஒரு வருட வாழ்க்கைச் செலவைப் 'பிளாக்டு அக்கவுண்ட்' எனும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சத்தை ஒட்டி வருகிறது. அங்கே போனபிறகு மாதம் 992 யூரோவாக நம் கைக்குத் திரும்பும்.

இப்போது நம் ஊர் நாள்காட்டியை எடுங்கள். குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. பல படிப்புகளுக்கு விண்ணப்பக் கடைசி நாள் ஜூலை 15, முதுநிலைப் படிப்புகள் சிலவற்றுக்கு அதைவிட முன்பே. சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் பணம் கையில் இருக்க வேண்டும். நமக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்பாடு இல்லாத காலம். படகைக் கரையேற்றி மராமத்து, எஞ்சின், வலை என்று இருந்த காசும் கரைந்திருக்கும். தடை முடிந்து நல்ல இறால் பாடே வந்தாலும் இரண்டு மாதத்தில் 12 லட்சம் சேராது. ஆகவே வங்கிக் கடன் வேலையை ஜனவரியில் தொடங்குங்கள். வித்யா லட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். கடற்கரைக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்குப் பட்டா கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டுக்கும் இல்லை. உள்ளூரில் நிலம் வைத்திருக்கும் தாய்மாமன் ஒருவர் கையெழுத்துப் போட்டார். அதற்கே நான்கு மாதம் அலைச்சல்.

அவசரத்துக்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒரு குரல் எழும். வேண்டாம். அந்த முன்பணம் தீரும்வரை அப்பா கொண்டுவரும் மீனுக்கு அவர் வைத்ததே விலை. உங்கள் படிப்பின் வட்டியை அப்பா கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கட்டிக்கொண்டிருப்பார், அது எந்த ரசீதிலும் தெரியாது.

பணத்தோடு சேர்த்து ஓட வேண்டிய இன்னொன்று ஏபிஎஸ் சான்றிதழ். நம் மதிப்பெண் பட்டியல்கள் அசல்தானா என்று டெல்லியிலுள்ள அலுவலகம் பார்த்துக் கொடுப்பது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். கடைசி செமஸ்டர் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

முடக்கக் கணக்குக்கு வெளியே தனியாக 2,000 யூரோவாவது வைத்துக்கொள்ளுங்கள். அந்த 992 யூரோ நீங்கள் இறங்கியதும் கிடைக்காது. உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்து, அதைச் சரிபார்த்த பிறகே வரத் தொடங்கும். ஆனால் வீட்டுக்காரர் முதல் நாளே முன்பணம் கேட்பார், சட்டப்படி வெறும் வாடகையின் மூன்று மடங்கு வரை. 350 யூரோ அறை என்றால் 1,050 முன்பணம், அதற்கு மேல் முதல் மாத வாடகை. என்னோடு வந்த பையன்களில் பாதிப் பேர் முதல் மாதமே கடன் வாங்கினார்கள்.

கன்சல்டன்சிகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அரசுப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேட்கப் போனால், கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. விண்ணப்பத்தை நீங்களே நிரப்ப முடியும்.

படி 2: உங்கள் பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஜெர்மன் படிவம் எதுவும் இதைப் புரிந்துகொள்ளாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் விசாவிலும் வங்கியிலும் காப்பீட்டிலும் மூன்று விதமாகப் பெயர் ஏறும், பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுங்கள். மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்ற உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அங்கே அலுவலகத்திலும் வகுப்பிலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடம் பேராசிரியர்கள் என்னை என் அப்பா பெயரால் அழைத்தார்கள். போனில் சொன்னபோது அப்பா, "அப்ப நான் காலேஜ் போறேன்னு சொல்லு" என்றார்.

படி 3: பெட்டியில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது

கருவாடு கொண்டுபோகலாமா என்று எல்லோரும் ரகசியமாகக் கேட்கிறார்கள். போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பயணிகள் சொந்த உபயோகத்துக்கு மீன், காய்ந்த மீன் எல்லாம் 20 கிலோ வரை கொண்டுவர அனுமதி உண்டு. இறைச்சியும் பால் பொருட்களும்தான் கூடாது. அதனால் மட்டன் ஊறுகாய், நெய், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் இடமில்லை. துபாய் வழியாகப் போகிறவர்கள் மசாலா டப்பாவில் கசகசா இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். கீழக்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

முண்டு மிளகாய் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரத்தையும் நிறத்தையும் அங்கே எந்த மிளகாயிலும் நான் பார்க்கவில்லை. கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்கு, கொடம்புளி, சின்ன பிரஷர் குக்கர், மூன்று பின் அடாப்டர். தொதல் இனிப்பு நாலு பாக்கெட், அங்கே பழகும் நண்பர்களுக்குக் கொடுக்க. குளிர் ஜாக்கெட்டைச் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே பழைய துணிச் சந்தையில் இதைவிட மலிவாக, இதைவிடக் கனமாகக் கிடைக்கும். கீல் போன்ற கடலோர ஊர்களில் மழை பக்கவாட்டில் அடிப்பதால் குடை வேலைக்கு ஆகாது. தலையை மூடும் மழைக்கோட்டுதான் சரி. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் டாக்டர் சீட்டோடு மூன்று மாதத்துக்கு எடுத்துப் போங்கள். மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி.

படி 4: முதல் பதினான்கு நாட்கள்

இந்த இரண்டு வாரமும் காகித வேலைதான். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது நகரும், ஆகவே வரிசை மாறக் கூடாது.

முதலில் முகவரிப் பதிவு. 'ஆன்மெல்டுங்' என்பார்கள். குடிபோன 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் நடக்காது. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அதனால் அறை தேடும்போதே "பதிவுக்குச் சான்று தருவீர்களா?" என்று கேளுங்கள். தரமாட்டேன் என்கிற அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொல்கிறவரும் அப்படித்தான். பதிவுப் படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதினால் பிற்காலத்தில் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகவும் பிடிப்பார்கள். எங்கள் ஊர்ப் பங்குத் தேவாலயத்தில் இதை யாரும் சொல்லவில்லை. எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம், தெரிந்து எழுதுங்கள்.

பதிவுத் தாள் கையில் வந்ததும் வங்கிக் கணக்கு, பிறகு முடக்கக் கணக்கிலிருந்து அதற்கு மாதப் பணம் வரச் செய்வது. மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகம் சேர்க்காது. 30 வயதுக்குள் இருந்தால் அரசு சார்ந்த காப்பீட்டில் மாணவர் கட்டணம், மாதம் 140 யூரோவுக்குச் சற்று மேல். தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும். படிப்புத் தொடங்கும்போது அதற்குள் போய்விட்டால் படிப்பு முடியும்வரை வெளியே வருவது கடினம். அடுத்து, விசா முடியும் தேதிக்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு நேரம் வாங்க வேண்டும். அந்த அலுவலகங்களில் மாதக்கணக்கில் கூட்டம். முதல் வாரமே மின்னஞ்சல் போடுங்கள்.

இப்போது ஒரு சின்ன விஷயம், என்னை மூன்று வாரம் பட்டினி போடப் பார்த்தது. அங்கே எல்லாமே தபாலில் வரும்: வங்கி அட்டை ஒரு கடிதத்தில், ரகசிய எண் வேறொரு கடிதத்தில், வரி எண் மூன்றாவதில். கட்டிடத்துத் தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். கதவு எண் சரியாக இருந்தாலும் பயனில்லை. பெயர்தான் முகவரி. என் ரகசிய எண் கடிதம் இரண்டு முறை திரும்பிப் போன பிறகே இது புரிந்தது. சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி பெயரை எழுதி ஒட்டுங்கள்.

சில வாரத்தில் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லையே என்று குப்பையில் போடாதீர்கள். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே வீட்டைப் பகிர்ந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு கொடுக்கலாம்.

படி 5: சமையலறை அரசியல்

மாணவர் விடுதி கிடைத்தால் அதிர்ஷ்டம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அதற்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காதவர்கள் நாலு பேர் சேர்ந்து வீடெடுத்து ஆளுக்கோர் அறை, பொதுச் சமையலறை என்று இருப்பார்கள். 'வே-கே' என்பது அதன் பெயர். அறை கொடுக்கும் முன் அங்கிருப்பவர்கள் உங்களை நேர்முகம் காண்பார்கள். கிட்டத்தட்ட பெண் பார்ப்பது போல.

அப்படியொரு வீட்டில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் சீலாக் கருவாடு வறுத்தேன். ஐந்து நிமிடத்தில் புகை எச்சரிக்கை மணி அடித்தது. பத்தாவது நிமிடத்தில் பக்கத்து அறைப் பெண் கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டதென்று கட்டிடப் பராமரிப்பாளருக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அவர் கருவிப்பெட்டியோடு வந்து, தொட்டிக்குக் கீழே படுத்துத் தேடி, கடைசியில் என் சட்டியைப் பார்த்தார். அவரும் கடலோரத்துக்காரர்தானே, ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "மீன் சரி, வாசனைதான் அதிகம்" என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பெண் ஒரு வாரம் பேசவில்லை.

அதிலிருந்து என் வழக்கம்: கருவாட்டை வறுக்காமல் கத்திரிக்காயோடு குழம்பில் போடுவது, சன்னலை அகலத் திறந்து வைப்பது, முன்னாடியே சொல்லிவிட்டு ஒரு தட்டும் எடுத்து வைப்பது. சன்னல் திறப்பது அங்கே ஒரு சடங்கு. குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஐந்து பத்து நிமிடம் முழுசாகத் திறந்து காற்றை மாற்ற வேண்டும். குளிருக்குப் பயந்து மூடியே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள்.

குப்பையைப் பொட்டல உறை, காகிதம், மக்குவது, மற்றவை என்று பிரித்துப் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை தவிர, அதனால் சனிக்கிழமையே அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடை வாசலிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். இந்த இயந்திரத்துக்குப் பிறகு வருகிறேன்.

மீன் விலை உங்களைத் திகைக்க வைக்கும். ஆனால் ஹெரிங் என்ற மீன் அங்கே கிடைக்கும், நம் சாளைக்கும் சூடைக்கும் சித்தப்பா மகன் மாதிரி, நெருங்கிய உறவு. அவர்கள் அதை வினிகரில் ஊறப்போட்டு ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்கிறார்கள். நீங்கள் முண்டு மிளகாயும் புளியும் போடுங்கள்.

படி 6: வகுப்பறை

வகுப்பு பத்து மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் பத்தேகாலுக்குத் தொடங்கும். 'எஸ்.டி.' என்று இருந்தால் பத்து என்றால் பத்து. வருகைப் பதிவு பெரும்பாலும் இல்லை. இண்டர்னல் மார்க்கும் பெரும்பாலும் இல்லை. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, அந்தத் தேர்வுக்கும் இணையதளத்தில் குறிப்பிட்ட தேதிக்குள் நீங்களே பதிய வேண்டும். பதியாதவர் எழுத முடியாது. யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். மதிப்பெண் தலைகீழ்: 1.0 முதலிடம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகும். அரியர் வைத்துப் பழகிய நமக்கு இதைத்தான் முதலில் மண்டையில் ஏற்ற வேண்டும். தயாராகாத தேர்விலிருந்து கெடுவுக்குள் பதிவை விலக்கிக்கொள்வது தப்பில்லை.

சந்தேகம் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. கேட்காமல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். பேராசிரியர் சொன்னதை மறுத்துப் பேசலாம். ஆனால் இன்னொருவர் எழுதிய ஒரு பத்தியை, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் எழுதினால் பெரிய குற்றம்.

படிப்பு ஆங்கிலத்தில் என்றாலும் ஊர் ஜெர்மனில்தான் நடக்கிறது. புறப்படும் முன் ஏ2 எனும் இரண்டாம் நிலை வரையாவது ஜெர்மன் படித்துவிடுங்கள்; சென்னையிலுள்ள மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வு எழுதலாம். நமக்கு ஒரு சாதகம்: 'நீ'யும் 'நீங்களு'ம் அவர்களுக்கும் உண்டு, 'டூ', 'ஸீ' என்று. மாணவர்களுக்குள் நீ. கடைக்காரர், அதிகாரி, பேராசிரியர் எல்லோரும் நீங்கள். ஆங்கிலேயரைக் குழப்பும் இது நமக்கு ஒரே நாளில் வந்துவிடும். எண்கள்தான் சோதனை: இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். ஆறு மாதம் நான் எல்லாச் சில்லறையையும் கையில் விரித்துக் காட்டினேன்.

படி 7: பகுதிநேர வேலை

வருடத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, 2024 மார்ச் முதல். குறைந்தபட்சக் கூலி 2026இல் மணிக்கு 13.90 யூரோ. நன்றாக இருக்கிறதே என்று முதல் செமஸ்டரிலேயே கிடங்கில் இரவு வேலைக்குச் சேராதீர்கள். கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கும் இருந்தது. சேர்ந்தேன். இரண்டு தேர்வு போயிற்று. இரண்டாவது செமஸ்டரில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உதவியாளர் வேலை தேடுங்கள். சம்பளம் குறைவானாலும் பேராசிரியர் உங்களைப் பெயரோடு தெரிந்துகொள்வார்.

பயணத்துக்குத் தனியாகச் செலவழிக்கும் முன் செமஸ்டர் கட்டணத்திலேயே நாடு தழுவிய பயணச்சீட்டு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பல பல்கலைக்கழகங்களில் உண்டு. வெளியே வாங்கினால் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ.

படி 8: நவம்பர்

ராமேஸ்வரத்தில் வருடம் முழுவதும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒரே அளவு. மார்கழிக்கும் ஆனிக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அந்த உடம்போடு நீங்கள் வடக்கே போகிறீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஊரோடு மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகும். திங்கட்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. டிசம்பரில் கீலில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலு மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். நடுவிலும் சூரியனைக் காண முடியாது, சாம்பல் மேகம்தான்.

இதே நேரம் ஊரில் வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று அடிக்கும். அம்மா போனில் மழைச் சத்தத்தைக் கேட்கவைப்பாள். புதிய ஊரின் வேடிக்கையும் முதல் மாதப் பரபரப்பும் தீர்ந்திருக்கும். வந்தவுடன் சேர்ந்து சுற்றிய கூட்டம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்திருக்கும். அந்த வாரத்தில்தான் பாட்டில் இயந்திரம் என் பாட்டிலை மூன்று முறை திருப்பித் தள்ளியது. பின்னால் நின்ற கிழவர் பொறுமையாக, லேபல் கிழிந்திருக்கிறது, அதனால் எடுக்காது என்று சொன்னார். 25 சென்ட் காசுக்காக யாராவது அழுவார்களா? அழுதேன்.

கடலைப் பார்த்தால் சரியாகும் என்று துறைமுகத்துக்குப் போனேன். அந்தக் கடலில் ஏற்றவற்றமே கண்ணுக்குத் தெரியாது, உப்பும் நம் கடலைவிடக் குறைவு. கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிறகு உதவியவை இவை. பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், மேகமாக இருந்தாலும், அரை மணி நேரம் வெளியே நடப்பது. இதை வகுப்பு அட்டவணையில் ஒரு பாடமாகவே எழுதிவைத்தேன். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகள் மிக மலிவு. அக்டோபர் தொடக்கத்தில் பதிவு திறந்ததும் இடம் தீர்ந்துவிடும், ஆகவே மனம் நன்றாக இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள், நவம்பரில் சேரத் தெம்பு இருக்காது. எனக்குத் துடுப்புப் படகு. வள்ளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு உட்காரும் முறையிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே முகங்கள். பேச்சு கொஞ்சம்தான். அது போதுமாக இருந்தது. வெயில் இல்லாததால் வைட்டமின் டி குறையலாம், டாக்டரிடம் கேளுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மாணவர் நல அமைப்பின் ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். பெரும்பாலும் இலவசம், ஆங்கிலத்தில் பேசலாம், பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. பைத்தியக்கார டாக்டர் என்று நம் ஊரில் சொல்வதை எல்லாம் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அவசரத்துக்கு 112. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காலை வரை பொறுக்க முடியாத காய்ச்சல், வலிக்கு 116117.

தமிழ்க் கடையையும் தேடிப் போங்கள். ஜெர்மனியின் பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகள் உண்டு. ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போய் ஹாம்பர்க்கில் ஒரு கடையில் உறைந்த நெத்திலிப் பொட்டலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்தவர் கேட்டார்.

"தம்பி எந்த இடம்?"

"தங்கச்சிமடம், அண்ணே. ராமேஸ்வரம் பக்கம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "மண்டபம் காம்ப் தெரியுமோ? நான் அங்க எட்டு மாசம் இருந்தனான். தொண்ணூறில." பிறகு, "உங்கட ஆக்கள் சோறு தந்தவை" என்றார். நெத்திலிக்குக் காசு வாங்க மறுத்தார். நான் பிறப்பதற்கு முன்னால் அந்த அகதி முகாமில் யாரோ போட்ட சோற்றுக்கு எனக்கு நெத்திலி கிடைத்தது. அதன்பின் மாதம் ஒரு முறை ஹாம்பர்க்.

கோயில் வேண்டுமென்றால் ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது, ஈழத்தமிழர் கட்டியது. தேர் நாளில் தெருவைப் பார்த்தால் ஜெர்மனி என்று நம்ப முடியாது. எங்களைப் போன்ற கத்தோலிக்கர்களுக்குக் கெவலார் ஊரின் மாதா கோயில். ஆகஸ்டில் தமிழர்கள் திரளாக வருவார்கள். பள்ளிவாசல்கள் பெரும்பாலும் துருக்கியர் நடத்துபவை. என் கீழக்கரை நண்பன் நோன்புக் கஞ்சி கிடைக்காமல் தவித்து, கடைசியில் தானே காய்ச்சி அங்கே கொண்டுபோனான். அடுத்த வருடம் அவர்களே கேட்டுவிட்டார்கள்.

படி 9: வீட்டுக்கு எதைச் சொல்வது

உங்கள் மாலை நாலு மணி, இருட்டும் நேரம், ஊரில் இரவு எட்டரை. பேசச் சரியான நேரம் அதுதான். மறுநாள் கடலுக்குப் போகிற அப்பாவுக்கு அதற்கு மேல் தூக்கம் வந்துவிடும். தினமும் வீடியோவில் வர வேண்டாம். வாரம் மூன்று நாள் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். தினமும் பேசினால் ஊரிலும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடுக்கடலில் நிற்பீர்கள்.

முதல் நவம்பரில் அம்மா, "ஏன்டா மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டாள். "இங்க வெளிச்சம் சரியில்லம்மா" என்றேன். பொய்யில்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன். தேர்வு இரண்டு போனதையும் நாலு மாதம் சொல்லவில்லை. சொன்ன அன்று அவள், "எஞ்சின் கூடத்தான் பழுதாகுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நாலு மாதம் வீணாகச் சுமந்திருக்கிறேன்.

நம் கரைக்கென்று ஒரு கவலை உண்டு, வேறு ஊர் மாணவர்களுக்குப் புரியாதது. இலங்கைக் கடற்படை படகு பிடித்த செய்தி, வீட்டிலிருந்து போன் வருவதற்கு முன்பே உங்கள் திரையில் வந்து நிற்கும். தேர்வு அறை வாசலில் அதைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. எங்கள் படகு இல்லை என்று தெரிய மூன்று மணி நேரம் ஆனது. அன்றிரவே வீட்டோடு ஓர் ஏற்பாடு செய்தோம்: அப்படி எது நடந்தாலும், நம் படகோ அடுத்தவர் படகோ, தங்கச்சி உடனே ஒரு வரி அனுப்பிவிட வேண்டும். மறைக்கக் கூடாது. நானும் காய்ச்சல் வந்தால் மறைக்க மாட்டேன். புறப்படும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

படி 10: முதல் முறை ஊருக்கு

கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டு வாரம்தான், டிக்கெட் விலையும் உச்சத்தில் இருக்கும். குளிர்கால வகுப்புகள் பிப்ரவரியில் முடிந்து, தேர்வுகள் போக, மார்ச் மாதம் மிச்சமிருக்கும். அதுதான் வாய்ப்பு. டிக்கெட் போடும் முன் வசிப்பு அட்டை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். விசா முடிந்து அட்டை வராமல் தற்காலிகத் தாளோடு இருந்தால், அந்தத் தாளை வைத்து மறுபடி உள்ளே வர முடியுமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். எல்லாத் தாளுக்கும் அந்த அனுமதி கிடையாது.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். தேர்வு முடிந்த தேதியோடு ஒத்துவந்தால் பெயர் பதிவை வீட்டிலிருந்தே முன்கூட்டிச் செய்யச் சொல்லுங்கள். தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருக்கும்போது போகலாம் என்று திட்டமிட்டால் நடக்காது, ஏப்ரலில் கோடைகால செமஸ்டர் தொடங்கிவிடும். நான் மார்ச்சில்தான் போனேன். சென்னையில் இறங்கி, சேது எக்ஸ்பிரஸில் ஏறி, விடிவதற்குள் புதுப் பாம்பன் பாலத்தைத் தாண்டி இறங்கினேன். அன்று படகு போகிற நாள். வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேரே ஜெட்டிக்குப் போனேன். அப்பா ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.